தூக்கமின்மைக்கு மருத்துவரிடம் போனால் மாத்திரைதான் தருவார்களா?

நான்கு மாதமாகச் சரியான தூக்கமில்லை, மருத்துவரிடம் போனால் மாத்திரைக்குப் பழகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். இதே பயத்தில் நான் ஒரு வருடத்துக்கு மேல் யாரிடமும் போகாமல் இருந்தேன்.

எனக்கு இது அப்பாவின் அறுவை சிகிச்சை சமயத்தில் ஆரம்பித்தது. அவர் தேறி வீடு திரும்பிவிட்டார், என் தூக்கம்தான் திரும்பவில்லை. விட்ட தூக்கத்தைப் பிடிக்க ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன். காலையில் விழித்த பிறகும் கண்ணை மூடிக் கிடப்பேன். படுக்கையில் இருந்தது ஒன்பதரை மணி நேரம், தூங்கியது ஐந்தரை. மீதி நேரமெல்லாம், இப்போது தூங்கினால்கூட எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்ற கணக்குதான்.

கடைசியில் பார்த்த உளவியல் நிபுணர், தூக்கத்தைக் கெடுத்த காரணம் வேறு, கெட்ட தூக்கத்தை நீடிக்க வைக்கும் காரணம் வேறு என்றார். ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற ஆய்வாளர் 1987இலேயே விளக்கிய விஷயம் இது. என் விஷயத்தில் நீடிக்க வைத்தது அந்த ஒன்பதரை மணி நேரப் படுக்கைதான். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகியிருந்தது.

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போய், பகல் வேலையும் கெட்டால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை. ஆங்கிலச் சுருக்கமாக CBT-I (சிபிடி ஐ) என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அமர்வுகள்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதுவது. அப்புறம் பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழச் சொன்னார்கள். தூக்கம் வராதவனைக் குறைவாகப் படு என்கிறார்களே என்று கோபம்கூட வந்தது. தூக்கம் வராமல் தவித்தால் எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும், கண் சொருகும்போதுதான் திரும்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் கொடுமை, பகலெல்லாம் தள்ளாடினேன். மூன்றாவது வாரம் படுத்ததும் தூங்கினேன். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்ததும், கால் மணி நேரமாகக் கூட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களே தொடங்காதீர்கள். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்களுக்குத் தூக்கத்தைக் குறைப்பது ஆபத்து. வண்டி ஓட்டுவதே தொழில் என்றாலும் அப்படித்தான். பலத்த குறட்டையோடு இடையில் மூச்சு நிற்பது, படுத்தால் கால் குடைவது, தைராய்டு, மனச்சோர்வு இதெல்லாம்கூடக் காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் மருத்துவர் வேண்டும்.

மாத்திரையே கூடாது என்று சொல்லவில்லை. சிலருக்குக் கொஞ்ச நாளைக்குத் தேவைப்படும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், தூக்கம் முன்பைவிட மோசமாகலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை சும்மா இருக்க வேண்டாம். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், சுமார் எவ்வளவு தூங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரவில் கடிகாரம் பார்த்து எழுதாதீர்கள், காலையில் எழுந்ததும் குத்துமதிப்பாக எழுதினாலே போதும்.