மறு: எம்எஸ் நோய்க்கு சீந்தில் கசாயம் கொடுக்கலாமா?

தம்பி, ஹட்டன் பக்கம் இருக்கும் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்), அசதயோபிரின் குளிசை எடுக்கிறார், அம்மா விடியலில் சீந்தில் கசாயமும் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தக் கசாயத்தை நிறுத்துங்கள். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மயலின் உறையைத் தாக்குகிறது. குளிசை அதை அடக்கப் பார்க்கிறது, சீந்திலோ தூண்டிவிடக்கூடியது. 2021இல் மும்பையில் சீந்தில் குடித்த சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவர்கள் எழுதினார்கள். அசதயோபிரினும் சிலருக்கு ஈரலைப் பதம்பார்க்கும்.

மஞ்சள் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதிலுள்ள குர்குமின் எலிகளில் இதே மாதிரி நோயைத் தணித்தது உண்மைதான். ஆனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. மிளகின் பைப்பரின் சேர்த்த கப்சூல் உறிஞ்ச வைக்கும், கூடவே மற்ற மருந்துகளின் அளவையும் மாற்றிவிடலாம். கறிக்குப் போடும் மஞ்சள், சோற்றோடு கொஞ்சம் வல்லாரைச் சம்பல், இவற்றுக்குப் பயம் வேண்டாம்.

அப்புறம், கசாயப் போத்தலையே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். என் பெரியம்மா "வேறு மருந்து ஒன்றும் எடுக்கல டாக்டர்" என்பார். கசாயம் அவர் கணக்கில் மருந்தே இல்லை! கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.