புலம்பல் சங்கீதம் என்றால் என்ன, மனம் உடைந்தவருக்கு அது எப்படி ஆறுதல் தரும்?

வேதாகமத்தில் சங்கீதம் எனப்படும் 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று துதிப்பாட்டே அல்ல, தாங்க முடியாத துயரத்தை மறைக்காமல் கடவுளிடமே கொட்டுகிற ஜெபம். அதைத்தான் புலம்பல் சங்கீதம் என்கிறோம். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான், ஆனால் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடுகிறது.

இதில் என்ன ஆறுதல்? அம்மா வர நேரமானதால் அழுது தவித்த பிள்ளை, அவள் வந்ததும் "ஏம்மா என்னை விட்டுட்டுப் போனே?" என்று கோபமாகக் கேட்கும், ஆனால் முந்தானையை மட்டும் விடாது. அந்தக் கோபத்துக்குள் இருப்பது நம்பிக்கைதான். அப்புறம், நமக்கு வார்த்தையே வராத நாளில் யாரோ முன்பே அழுது எழுதிவைத்த வார்த்தை கைக்குக் கிடைக்கிறது, இது சாதாரண விஷயமில்லை. 13ஆம் சங்கீதம் பாட்டில் முடியும். 88ஆம் சங்கீதமோ கடைசி வரி வரை துக்கம்தான், அதுவும் வேதத்தில் இருக்கிறது.

இப்படிப் புலம்பினால் விசுவாசம் குறைவு என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை: சிலுவையில் இயேசுவே "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கதறினார்.