இறுக்கி மூடிய அலமாரி

அன்புள்ள அக்கா,

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு தஞ்சாவூர் போய், நான்கு வாரம் கழித்துத் திரும்பினோம். போன ஜனவரியிலிருந்து தினமும் எழுதி வருகிறேன். மாதத்துக்கு ஒன்றாகப் பதினோரு நோட்டு நிறைந்துவிட்டது. இந்த ஓராண்டில் நான் முன்னேறியிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விடுமுறையில் விட்டுப்போன பழக்கத்தை எப்படித் திரும்பப் பிடிப்பது? வந்து அலமாரியைத் திறந்தால் நோட்டெல்லாம் பூசணம். பின்சுவரை ஒட்டியிருந்த முதல் மூன்று நோட்டில் பழுப்புப் புள்ளிகள் வேறு. பாட்டி கொடுத்தனுப்பிய வசம்பையும், ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றையும் உள்ளே வைத்து, இறுக்கி மூடிவிட்டேன். மனசே சரியில்லை.

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் எழுந்துபோய் அந்த அலமாரியைத் திறந்துவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

பழக்கம் விட்டுப்போனதை நினைத்துக் கலங்க வேண்டாம். நான்கு வாரம் பிள்ளைகளோடும் பாட்டியோடும் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அதில் எந்த நஷ்டமும் இல்லை. இன்றிரவு அரைப்பக்கம் எழுதுங்கள், நாளைக்கும் அரைப்பக்கம். அதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

ஜனவரி பிறந்தாலே ஊரிலிருந்து திரும்பியவர்கள் புத்தகம் பூசணம் பிடித்ததென்று புலம்புவது காதில் விழுகிறது. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பழுப்புப் புள்ளி. வெள்ளையாகவும் சாம்பல்பச்சையாகவும் படரும் பூசணத்துக்கு நான்கு வாரம் தாராளம், சில நாளே போதும். பழுப்புப் புள்ளி அப்படி வருவதில்லை. பூசணத்தால் வந்தாலும் சரி, காகிதத்தில் கலந்த இரும்புத்துகளால் வந்தாலும் சரி, அதற்கு ஈரமும் வேண்டும், மாதக்கணக்கில் காலமும் வேண்டும். அப்படியென்றால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நோட்டுகள் நீங்கள் விமானம் ஏறுவதற்கு வெகுமுன்பே கெடத் தொடங்கிவிட்டன. நடுவில் ஒருமுறை கையில் எடுத்திருந்தால் அந்தப் புழுங்கல் வாடையே காட்டிக்கொடுத்திருக்கும். எழுதி முடித்ததும் உள்ளே தள்ளியதோடு சரி, ஒன்றைக்கூடத் திரும்பப் படிக்கவில்லை நீங்கள். படிக்காமல் முன்னேற்றத்தை எங்கே தேடுவீர்கள்? நோட்டை எண்ணினால் கிடைக்குமா?

ஊரில் மழை முடிந்தால் தை மாசி தொட்டு வெயில் காய்கிறது. மூடிய பெட்டியும் ஓரளவு உலர்ந்துவிடும். இங்கே அப்படியொரு பருவம் கிடையாது. ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலுக்கு முன் 90-ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். டிசம்பர், ஜனவரியோ வடகிழக்குப் பருவமழையின் நனைந்த பாதி. காகிதத்தைச் சுற்றி 65-ஐத் தாண்டிய ஈரம் தங்கினால் பூசணம் முளைக்கும். ஆகவே ‘மூடி வைத்தால் பத்திரம்’ என்பது இந்த ஊருக்குச் சரிப்படாது.

இறுக்கி மூடியது ஏன் தவறு என்று சொல்கிறேன். நம் ஈரப்பதத்தில் காகிதம் தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 5 கிலோ நோட்டு என்றால் அரைக் கிலோ தண்ணீர். 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் குடிப்பது 3, 4 கிராம்தான். நீங்கள் வாங்கிய டப்பாவில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது அதிகம் உறிஞ்சும், ஆனால் கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று வந்துகொண்டே இருந்தால் சீக்கிரம் நிறைந்து வேலையை நிறுத்திவிடும். கவிழ்ந்தால் அந்த உப்புநீர் எளிதில் காயாது, நோட்டு போனது போனதுதான். வசம்பு பூச்சிக்கு நல்லது. சுவடி கட்டிவைத்த காலத்திலிருந்து அதற்குத்தான் வைத்தார்கள், பாட்டியைக் குறை சொல்லமாட்டேன். பூசணத்துக்கு அது மருந்தில்லை, பாச்சை உருண்டையும் இல்லை.

இனிச் செய்யவேண்டியது. என்95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு நோட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, பிள்ளைகள் படுக்காத ஓர் அறைக்குக் கொண்டுபோங்கள். ஜன்னலை மூடி, பையிலிருந்து எடுத்து, பக்கங்கள் சற்று விரியும்படி நிறுத்திவைத்து, ஈரம் நீக்கும் கருவியை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் ஏர்கானை ‘டிரை’யில் போடுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. 50 பக்கம் காட்டியபடி இரண்டு மூன்று நாள் இருக்கட்டும். மின்விசிறியை நோட்டின் மேல் நேராகத் திருப்பாதீர்கள், பூசணத்தூள் அறையெங்கும் பறக்கும்.

காய்வதற்கு முன் துடைக்கவே கூடாது. ஈரப் பூசணம் இழுபட்டு நாருக்குள் இறங்கிவிடும். பொடியாக உதிரும் பதம் வந்தபின், அகலமான மென்தூரிகையால் முதுகுப்புறத்திலிருந்து வெளிநோக்கித் தள்ளுங்கள். தாழ்வாரத்தில் வேண்டாம், அண்டை வீட்டார் மூச்சிலும் அதுதான் போகும். கீழே வெட்டவெளிக்குப் போங்கள். ஹெப்பா என்னும் நுண்தூசி வடிகட்டி இல்லாத தூசி உறிஞ்சி ஒருபக்கம் இழுத்து மறுபக்கம் கக்கும். பிளீச் காகிதத்தையே அரித்துவிடும். ஆல்கஹாலால் துடைத்தால் பால்பாயிண்ட் பேனா எழுத்து கரைந்து ஓடும். நாள்முழுக்க வெயிலில் வைத்தால் மையும் மங்கும், தாளும் மஞ்சளாகும்.

அலமாரியை வெளிச்சுவரிலிருந்தும் குளியலறைச் சுவரிலிருந்தும் நகர்த்தி, பின்னால் ஒரு கையகலம் இடம் விடுங்கள். நோட்டுகளை நெருக்கி அடுக்காதீர்கள். இடமில்லை என்று வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்ட்டருக்குள் கொண்டுபோய் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. ஜன்னலில்லாத கான்கிரீட் அறை, இரும்புக் கதவு, அங்கே காகிதம் எப்படி மூச்சுவிடும்? புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் மின் உலர்பெட்டியில் சிறியது ஒன்று வாங்க முடிந்தால் பதினோரு நோட்டுக்கும் தாராளம்.

அடுத்தமுறை ஊருக்குப் போகுமுன் ஈரம் நீக்கும் கருவியை நம்பி வீட்டைப் பூட்டாதீர்கள். தொட்டி நிறைந்ததும் அது தானே நின்றுவிடும். காய்ந்த நோட்டுகளை ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், 20 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராமாவது போடுங்கள். காய்ந்தபின் மூடுவது வேறு, ஈரத்தோடு மூடுவது வேறு.

பழுப்புப் புள்ளி போகாது, சுரண்டாதீர்கள். அந்த மூன்று நோட்டும் உலர்ந்ததும், தூரிகை படுமுன் பக்கம் பக்கமாக ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியில் படமெடுத்துவிடுங்கள். உதிரும் ஓரத்தோடு எழுத்தும் சில இடங்களில் போகக்கூடும். பிறகு அந்தப் படங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை முழுக்கப் படியுங்கள். அதையடுத்து நவம்பர் நோட்டை எடுங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் கண்டீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், உங்கள் முதல் கேள்வியை அப்போது பேசுவோம்.

அன்புடன்,
அக்கா