காசின் முகத்தில் கோடு: பிறவித் தழும்பா, பிறகு பட்ட காயமா?

கேள்வி: இணைய ஏலத்தில் பழைய வெள்ளிக் காசு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தலை உருவத்தின் கழுத்திலிருந்து விளிம்பு வரை மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. 'இது கீறல் இல்லை, நாணயச்சாலையிலேயே வந்தது' என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்லை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். காசே சொல்லிவிடும். கோடு மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காசின் உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சில் விரிசல் விழுந்தால், அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் பாயும். அதனால் காசின் மேல் அது மேடான கோடாக நிற்கும். பெரும்பாலும் வளைந்து நெளிந்து, விளிம்பையோ எழுத்துகளையோ தொட்டுக்கொண்டு போகும். இது குறையே இல்லை. இப்படிப்பட்ட விரிசல் காசுகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். கீறல் அப்படியல்ல. அது பள்ளம். இரண்டு ஓரங்களிலும் உலோகம் லேசாகப் பிதுங்கி நிற்கும்.

படத்தில் மேடும் பள்ளமும் கண்ணை ஏமாற்றும். அதற்கு ஒரு வழி உண்டு. எழுத்துகள் மேடு என்பது நமக்குத் தெரியும். அவற்றின் எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்திருக்கிறது, எந்தப் பக்கம் நிழல் என்று பாருங்கள். கோட்டிலும் அதே பக்கம் வெளிச்சமாக இருந்தால் அது மேடு. தலைகீழாக இருந்தால் பள்ளம்.

பள்ளமாக இருந்தும் நாணயச்சாலையிலேயே விழுந்த கோடுகளும் உண்டு. முற்காலத்தில் வில்லையின், அதாவது உருவம் பதிக்காத வெற்று உலோகத் தட்டின், எடை கூடியிருந்தால், அடிப்பதற்கு முன் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். அப்படி ராவிய தடங்கள் இணைகோடுகளாகத் தெரியும். அடி முழுதாக விழாத மேடுகளிலும் விளிம்பை ஒட்டியும்தான் அதிகமாக மிஞ்சியிருக்கும். 18-ஆம் நூற்றாண்டு வெள்ளி, தங்கக் காசுகளில் இது சகஜம். கண்ணுக்கு உறுத்தினால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம், ஆனால் யாரோ சுரண்டிய கீறலோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: 'புழக்கத்துக்கே போகாதது' என்று சொல்லி விற்ற பெரிய வெள்ளிக் காசை வாங்கினேன். கன்னத்தில் மூன்று நான்கு வெட்டுகள் இருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா?

பதில்: வெட்டுகளை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அடித்த காசுகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொட்டியில் விழுந்து, மூட்டைகளில் கட்டப்பட்டுத்தான் வெளியே போயின. ஒன்றோடொன்று மோதிய தடங்களைச் சேகரிப்பாளர்கள் மூட்டைத் தழும்பு என்பார்கள். கனமான காசில் தழும்பும் ஆழமாக விழும். அமெரிக்க மார்கன் டாலரை எடுத்துக்கொள்ளுங்கள்: 38.1 மில்லிமீட்டர் அகலம், 26.73 கிராம் எடை. அது அடுத்த காசின் கன்னத்தில் விழுந்தால் சும்மா விடாது. சில சமயம் குட்டிக் குட்டிக் கோடுகள் சீப்புப் பல் போல வரிசையாக இருக்கும். அது இன்னொரு காசின் வரி விளிம்பு பட்ட இடம்.

புழக்கத்துக்குப் போனதா என்பதற்குத் தேய்மானம்தான் சாட்சி. ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். அடிக்கும்போது உலோகம் பாய்ந்த நுண்ணிய தடங்களால், ஒளி பட்டை பட்டையாகச் சக்கரம் போலச் சுற்றும். கன்னம், முடி, புருவம் போன்ற மேடுகளின் மீதும் அந்த ஒளி அறுபடாமல் ஓடினால் புழக்கத்துக்குப் போகவில்லை. மேட்டில் மட்டும் மங்கி, சாம்பல் நிறத் திட்டாகத் தெரிந்தால் தேய்ந்திருக்கிறது. சரியாக அடி விழாத காசிலும் மேடு மொட்டையாக இருக்கும், ஆனால் நிறம் அப்படி மாறாது.

தரம் போடும் அளவுகோல் 1 முதல் 70 வரை. வில்லியம் ஷெல்டன் என்ற நாணய ஆய்வாளர் 1949-இல் அமெரிக்காவின் ஆரம்பகாலச் செம்புக் காசுகளுக்காக உருவாக்கியது, இன்று பெரும்பாலான காசுகளுக்கும் வந்துவிட்டது. புழக்கத்துக்குப் போகாதவைக்கு 60 முதல் 70 வரை. இந்தப் பதினொரு படிகளுக்குள் மேலே கீழே தள்ளுவதில் தழும்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். கன்னத்திலோ முகத்துக்கு எதிரே உள்ள வெற்றிடத்திலோ விழுந்த ஒரே வெட்டு, முடிச்சுருளுக்குள் ஒளிந்த ஐந்து வெட்டுகளைவிட அதிகமாக விலையைக் குறைக்கும். உங்கள் காசு 62, 63 தரத்துக்கு உரியதாக இருக்கலாம். 65-க்கு உண்டான விலை கொடுத்திருந்தால் அதைப் பற்றிப் பேச வேண்டியது விற்பவரிடம்தான்.

கேள்வி: நூறு ஆண்டுப் பழைய வெள்ளிக் காசு, நேற்று அடித்தது போல மின்னுகிறது. படத்தில் ஒரு கீறலும் இல்லை. வாங்கலாமா?

பதில்: எனக்கு இந்த மின்னல்தான் முதல் சந்தேகம். துணியால் துடைத்த காசில் மயிரிழைக் கோடுகள் இருக்கும். பரவலான வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அவை மறைந்துவிடும். ஸ்கேனரில் எடுத்த படத்தை நம்பி ஒரு முடிவுக்கும் வராதீர்கள். ஒரே ஒரு விளக்கு வைத்து, காசைச் சாய்த்துச் சுற்றும் சின்ன வீடியோ கேளுங்கள். துடைத்த காசில் ஒளிப்பட்டை சுற்றாது, முகம் முழுக்க ஒரே மாதிரி பளபளக்கும். ஏதோ ஒரு கோணத்தில் கோடுகள் கூட்டமாகக் கண்விழிக்கும். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு அழுக்கு மிச்சமிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அச்சை மெருகேற்றியபோது விழுந்த கோடுகளும் இதே மாதிரி இருக்கும், அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அவை மேடானவை. வெற்றுப் பரப்பில் ஓடி எழுத்தின் அடிவாரத்தில் நின்றுவிடும், எழுத்தின் மேல் ஏறாது. துணிக் கோடுகள் எழுத்து, உருவம் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஏறிப் போகும். பத்து மடங்கு லென்ஸ் இதற்குப் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் நல்ல காசுகூட உழுத நிலம் மாதிரி தெரியும். ஃபோன் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் சின்னக் காசின் படத்தைப் பார்த்துப் பயப்படுவதும் அதே கதைதான்.

அமிலக் கரைசலில் முக்கிக் கறுப்பு எடுத்த காசில் கோடு இருக்காது. ஆனால் ஒவ்வொரு முக்கலும் கறுப்போடு சேர்த்து மேற்பரப்பு வெள்ளியையும் கொஞ்சம் தின்னும். அளவு மீறினால் செத்துப்போன வெளுப்பு ஒன்று வரும், ஒரு முறை பார்த்தால் மறக்காது.

கேள்வி: ஒரே வருடக் காசுகள் இரண்டு, ஒரே விற்பனையாளரிடம். இரண்டிலும் மூக்கின் கீழே ஒரே மாதிரி சின்னப் பள்ளம். சேர்த்து வாங்கினால் விலை குறைப்பாராம்.

பதில்: இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டு காசுகள் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில், ஒரே ஆழத்தில் அடிபடுவது நடக்கிற காரியமில்லை. உண்மையான காசு ஒன்றிலிருந்து கள்ள அச்சு எடுக்கும்போது, அந்தக் காசின் தழும்பும் அச்சில் மேடாகப் பதிந்துவிடும். அப்புறம் அந்த அச்சில் அடிக்கிற ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் அதே பள்ளம் வரும். லென்ஸில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உண்மையில் அடிபட்ட பள்ளத்தின் ஓரம் கூர்மையாக, உலோகம் ஒதுங்கி, உள்ளே பளிச்சென்று இருக்கும். கள்ளக் காசில் ஓரம் மழுங்கி, பள்ளத்தின் அடிப்பரப்பும் சுற்றுப்பரப்பும் ஒரே தோலாக இருக்கும்.

நாணயச்சாலையின் அச்சிலேயே ஏதாவது ஒட்டியிருந்தாலும் பல காசுகளில் ஒரே பள்ளம் வரும் என்று விற்பவர் வாதாடலாம். நடக்கக்கூடியதுதான். எடை, விட்டம், விளிம்பு மூன்றையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். கள்ள அச்சுக்காரர்கள் எடையைச் சரியாகவே வைப்பதும் உண்டு, அதனால் அதில் தேறினாலும் தரச்சான்று நிறுவனம் பார்த்த பிறகே பணம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தரச்சான்று நிறுவனம் மூடிக் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் காசு. எண் தரம் இல்லை, 'டீட்டெய்ல்ஸ்' என்று போட்டிருக்கிறது. மேலே ஒரு கீறலும் தெரிகிறது.

பதில்: காசு உண்மையானது, ஆனால் துடைத்தது, கீறியது, சுரண்டியது என ஏதோ ஒரு சேதம் இருக்கிறது என்று அர்த்தம். காரணமும் சீட்டிலேயே எழுதியிருக்கும். எண் தரம் உள்ள காசின் விலையைக் கொடுக்காதீர்கள். கீறலைப் பொறுத்தவரை, பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள். காசைவிட்டு விலகி நகர்ந்தால் அது பிளாஸ்டிக்கின் மேல் உள்ள கீறல். பெட்டியில் உள்ள எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் அதில் தழும்புகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள்.

கேள்வி: பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு. துடைக்கலாமா?

பதில்: துடைக்கவே கூடாது. அது பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்தது, விட்டுவைத்தால் உலோகத்தை அரிக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, காசை ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் ஒரு முறை அலசி, தானாகக் காயவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் வேண்டாம், சில வகை கரைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. பச்சை போன பிறகு அடியில் குழிகள் தெரிந்தால் அவை ஏற்கெனவே அரித்தவை, அதற்கு மருந்து இல்லை. விற்கும்போது சொல்லி விற்க வேண்டும்.