பழைய சிரிப்புப் படங்களைச் சுவரில் மாட்ட: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா பைண்டு செய்து வைத்த 1950-களின் வார இதழ்கள் வீட்டில் இருக்கின்றன. சிரிப்புப் படங்களை மட்டும் வெட்டி ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த இதழ்கள் மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்தில் அச்சானவை. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கியிருப்பதால் வெளிச்சம் பட்டதும் காகிதம் பழுப்பேறும். காகிதத்தில் ஊறும் அமிலம் அதை நொறுக்கும். இத்தனை வருஷம் இருட்டில் இருந்ததால்தான் உங்கள் பக்கங்கள் பிழைத்திருக்கின்றன. ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் சில மாதங்களிலேயே நிறம் மாறத் தொடங்கும். தவிர, வெட்டிய படத்தின் பின்பக்கம் ஒரு தொடர்கதையின் பாதி போய்விடும். மாலி, கோபுலு போன்ற ஓவியர்களின் கோடுகள் வெளிவந்த காலத்து இதழ் முழுதாகக் கிடைப்பதே இன்று அரிது.

சுவருக்கு நகல் போதும். அசலை லேமினேட் செய்யவும் கூடாது, செல்லோடேப் ஒட்டவும் கூடாது. இரண்டையும் பிறகு பிரித்தெடுக்க முடியாது. டேப்பின் பசை பழுப்புக் கறையாகக் காகிதத்துக்குள் இறங்கும். தொகுதிகளை இரும்பு அலமாரியில், கீழ்த்தட்டைத் தவிர்த்து, சுவரை விட்டு மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். கரையான் ஏறினால் உடனே கண்ணில் படும்.

கேள்வி: பழைய ஜோக் ஒன்றை செல்போனில் படமெடுத்து, நாகர்கோவிலில் ஒரு கடையில் பெரிதாக்கி அச்சிட்டேன். கோடெல்லாம் மங்கல், நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாக விசித்திரக் கோலம். கடைக்காரர் தவறா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தவறு படமெடுத்த விதத்தில். பைண்டின் வளைவும் கேமராவின் சாய்வும் கோட்டை வளைத்துவிடும். தட்டையான ஸ்கேனரில் வையுங்கள். தொகுதி நன்றாக விரியாவிட்டால் அழுத்தாதீர்கள், முதுகு உடைந்துவிடும். பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க அச்சு ஊடுருவித் தெரியாது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

அச்சில் படத்தின் அகலம் இரண்டரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி), வெறும் கறுப்பு-வெள்ளை முறையில் அல்ல, சாம்பல் நிறங்களையும் பதியும் கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்தால் 3000 பிக்சல் கிடைக்கும். அதை ஏழரை அங்குலத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 400 பிக்சல். கோடு கூர்மையாக நிற்கும். மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் ஓவியரின் கோடு மறைந்து, காகிதத்தில் மை கசிந்த பிசிறுதான் தெரியும். கோப்பை டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் கோட்டோரங்களில் அழுக்குப் பிடித்தாற்போல் காட்டும்.

புள்ளிக் கோலத்துக்குக் காரணம் வேறு. சாம்பல் நிழலை அச்சகங்கள் நுண்புள்ளிகளாகப் பிரித்து அச்சிட்டன. அந்தப் புள்ளி வரிசையும் கேமராவின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதும்போது இல்லாத கோலம் உருவாகிறது. 1200-இல் ஸ்கேன் செய்து, லேசாக மங்கலாக்கி, பிறகு அளவைக் குறைத்தால் அது கரையும். ஸ்கேனர் மென்பொருளில் இருக்கும் 'டிஸ்கிரீன்' வசதியும் இதையே செய்கிறது. வெறும் கோட்டுப் படத்துக்கு அதைப் போடாதீர்கள்; கோடு மழுங்கும்.

பின்னணியைப் பால் வெள்ளையாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி வெளுப்பாக்கினால் முதலில் அறுபடுவது மெல்லிய குறுக்குக் கோடுகள். இளம் பழுப்பு கொஞ்சம் மிஞ்சட்டும். கையெழுத்தையும் படத்தின் கீழ் வாசகத்தையும் வெட்டவே வெட்டாதீர்கள்.

கேள்வி: வீடு கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி. போன மழைக்கு முன்பு மாட்டிய இரண்டு கார்ட்டூன் பிரிண்ட்டும் அலை அலையாக நெளிந்து, பழுப்புப் பொட்டு விழுந்து, ஒன்று கண்ணாடியோடு ஒட்டியே போய்விட்டது. என்ன செய்வது?
– வாசகி, குளச்சல்

பதில்: நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவர் முழுதாகக் காய்வதே இல்லை. உங்கள் வீட்டில் நடந்தவை மூன்று தனித்தனிப் பிழைகள்.

நெளிந்தது, பிரிண்ட்டை நாலு பக்கமும் ஒட்டியதால். ஈரம் ஏறினால் காகிதம் விரியும்; விரிய இடமில்லாமல் நெளிகிறது. மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும், அமிலமற்ற காகித டேப்பால் தொங்கவிட வேண்டும். கண்ணாடியில் ஒட்டியது, நடுவில், படத்தைச் சுற்றிச் சட்டம்போல் வரும் மவுண்ட் அட்டை இல்லாததால். இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அமிலமற்ற மவுண்ட் போட்டால் கண்ணாடி காகிதத்தைத் தொடாது. பளபளப்புத் தாள் ஈரத்தில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பில்லாத மேட் தாளும் நிறமித் துகள் கொண்ட பிக்மென்ட் மையும் கேட்டு வாங்குங்கள். ஒட்டியதை இழுத்துப் பிரிக்காதீர்கள். அது நகல்தானே, புதிதாக அச்சிடுவதே மேல்.

பழுப்புப் பொட்டு பூஞ்சையின் வேலை. ஃபிரேமுக்குப் பின்னால் காற்று நகராமல் ஈரம் தேங்கியிருக்கும். பின்னால் ஹார்டுபோர்டு அடித்திருந்தால் அது ஈரத்தை உறிஞ்சித் தாளுக்கு ஊட்டும். அதற்குப் பதில் 3 மில்லிமீட்டர் பிவிசி ஃபோம் ஷீட் போட்டு, விளிம்பு முழுவதும் டேப் ஒட்டி அடையுங்கள். ஃபிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் இடையே காற்று போகும். ரப்பர் நம் மண்ணின் பொருள்தான், ஆனாலும் இங்கே வேண்டாம்; பெயின்ட்டில் கறை விடும். கொக்கியும் திருகாணியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண ஆணி உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சுவரில் சிவப்பாக வழியும்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அந்தச் சுவரை விட்டுவிட்டு உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள். வெளிப்பக்கம் நீர் கோத்தால் அறையின் காற்றில்தான் ஈரம். ஜன்னலைத் திறந்து வைக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஃபிரேம் போடும் வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிப்பது நல்லது. மழைக்காலத்தில் அடைத்தால் அந்த ஈரத்தையும் சேர்த்தே அடைக்கிறோம்.

கேள்வி: டீக்கடையில் பழைய கார்ட்டூன்களை மாட்டவும், பிரதி போட்டு விற்கவும் எண்ணம். சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கோபுலு மறைந்தது 2015-இல். ஆகவே அவர் படங்களுக்கு 2075 முடிய. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடமுண்டு. கடையும் விற்பனையும் வேறு. உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். உரிமை பத்திரிகையிடம் இருக்கிறதா, ஓவியரின் குடும்பத்திடமா என்று முதலில் விசாரியுங்கள். தடையில்லாதவையும் உண்டு: 1906-இல் சென்னையில் தொடங்கி 1908-இல் புதுச்சேரிக்குப் போன பாரதியின் 'இந்தியா' இதழில் வந்த, பெயர் போடாத கேலிச்சித்திரங்கள், லண்டன் 'பஞ்ச்' இதழில் வரைந்து 1914-இல் இறந்த ஜான் டென்னியலின் படங்கள்.

கேள்வி: எந்தப் படத்தை எங்கே மாட்டுவது, எவ்வளவு உயரத்தில்?
– வாசகி, கன்னியாகுமரி

பதில்: வசனமில்லாத ஜோக்குகள் கூடத்துக்கு, எட்டி நின்றாலும் புரியும். வாசகம் உள்ளவற்றை ஆள் அருகில் நிற்கும் இடத்தில், நடையிலோ கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலோ மாட்டுங்கள். படத்தின் நடு தரையிலிருந்து சுமார் 58 அங்குலத்தில் இருக்கட்டும். திண்ணைக்கு எதிரே என்றால், உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக இறக்குங்கள்.