பணிக்கொடைப் பணத்தில் கையொப்பக் கடிதம் வாங்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன்; வயது 58. திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றிலிருந்து சென்ற மாதம் ஓய்வு பெற்றேன். 30 ஆண்டுகளாகத் தொழிலதிபர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் கையொப்பமிட்டு அனுப்பிய 41 பதில்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பாரிமுனையில் ஒருவர், ஜே.ஆர்.டி. டாட்டாவின் கையொப்பக் கடிதத்தை 3 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகவும், பத்தே ஆண்டுகளில் அது மும்மடங்காகும் என்றும் சொல்கிறார். பணிக்கொடைப் பணத்தில் வாங்கலாமா?

பதில்: முதலீடு என்று நினைத்து வாங்குவதானால் வேண்டாம். கடிதம் வட்டி தராது. நீங்கள் விற்க நினைக்கும் நாளில் அதன் மீது ஆசை கொண்ட ஒருவர் வந்தால்தான் அதற்கு விலை. அதே 3 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டியில் போட்டால், காலாண்டுக்கு 6,150 ரூபாய் வரும். 60 வயது ஆகாவிட்டாலும், 55-ஐக் கடந்து ஓய்வு பெற்றவர் என்ற முறையில் நீங்கள் அதில் சேரலாம். ஆனால் பணப்பலன் கைக்கு வந்த 3 மாதங்களுக்குள் சேர்ந்துவிட வேண்டும்.

பெரிய மனிதரின் கையொப்பம் என்பதற்காக மட்டும் விலை ஏறிவிடாது. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்க 1976-ல் மூவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் தம் பிரதியை ரொனால்ட் வெய்ன் 500 டாலருக்கு விற்றுவிட்டார். 2011-ல் அது ஏலத்தில் ஏறத்தாழ 16 லட்சம் டாலருக்குப் போனது. அது ஒரு நிறுவனம் பிறந்த ஆவணம். 'தங்கள் வாழ்த்துக்கு நன்றி' என்ற இரண்டு வரிக் கடிதத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. டாட்டாவோ ஏராளமாகக் கடிதம் எழுதியவர்.

அடுத்தது, அசல்தானா என்ற கேள்வி. செயலாளர் போட்ட கையொப்பமும் உண்டு, இயந்திரம் போட்டதும் உண்டு. மனிதர் கை இருமுறை ஒரே மாதிரி எழுதாது. ஆகவே இரண்டு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அச்சுப்போல் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, யார் யார் கைமாறி வந்தது, உறை எங்கே என்று கேளுங்கள். கூடவே, அடுத்த ஆண்டு இதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அவரை எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அத்துடன் நின்றுவிடும் என்றே எண்ணுகிறேன். தேதியையும் பாருங்கள்: 75 ஆண்டுகளைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது.

என்னைக் கேட்டால், உங்களிடம் உள்ள 41 கடிதங்களே நம்பிக்கைக்குரிய சேகரிப்பு. உங்கள் பெயருக்கு, அஞ்சல் முத்திரையோடு வந்தவை என்பதால் அவற்றின் பூர்வீகத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. உறைகளைத் தூக்கி எறியாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். தண்டையார்பேட்டையின் கடற்காற்றில் ஸ்டேபிள் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை ஏற்றிவிடும் என்பதால், அவற்றை இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.