வீவக வீட்டுக்கு ஏற்ற, சத்தம் போடாத கிளி

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் வளர்க்க எந்தக் கிளி நல்லது? குஞ்சு பொரிக்கவும் வைக்கலாமா?

லினி வாங்குங்கள். முழுப்பெயர் லினியோலேட்டட் பாராகீட். யீஷூனில் நான்கறை வீட்டில் ஆறு வருடமாக வளர்க்கிறேன். சத்தம் என்று இதுவரை யாரும் கதவைத் தட்டியதில்லை. ஒரு சாண்கூட வராது, 16 செ.மீ. இருக்கும். பச்சை உடம்பில் கறுப்பு வரிகள். நிமிர்ந்து உட்காராமல் எலி போலக் குனிந்தே கம்பியில் நடக்கும், தலைகீழாகத் தொங்கும். நாள் முழுக்க மெல்லிய முணுமுணுப்புத்தான்.

ஆனால் நம் வெயில் இதற்கு ஆகாது. தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையும், ஆண்டிஸ் மலையிலும் மேகம் படியும் காடுகளில் வாழும் பறவை இது. கூண்டை மதிய வெயில் படும் சன்னலோரம் வைக்காதீர்கள். தேக்காவில் வாங்கும் முருங்கைக்கீரையை நனைத்துக் கூண்டில் கட்டித் தொங்கவிடுவேன். அந்த ஈர இலைகளுக்குள் புகுந்து உடம்பைத் தேய்த்துக் குளிக்கும்; பார்க்கவே மனசு நிறையும். எச்சம் தண்ணியாக இருக்கும், தினமும் தாள் மாற்ற வேண்டும். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்: நான்ஸ்டிக் சட்டி அதிகம் சூடானால் வரும் புகை எந்தக் கிளியையும் கொன்றுவிடும்.

அப்புறம் குஞ்சு விஷயம். "ஜோடி" என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு இரண்டைக் கொடுத்தார்கள். முட்டையிடப் பெட்டி வைத்தேன், 9 முட்டை வந்தது. ஆசையோடு ஒரு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூடப் பொரியவில்லை. ஒரு பெண் பறவை நான்கைந்து முட்டைதான் இடும். அப்படியானால் இரண்டுமே பெண்! இறகை அனுப்பி மரபணுச் சோதனை செய்ததில் அதுவேதான் உறுதியானது. லினியில் ஆண் பெண் வித்தியாசம் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். அதனால் சோதனைத் தாளைப் பார்க்காமல் ஜோடி வாங்காதீர்கள்.

சரியான ஜோடி என்றாலும் ஒரு வயது தாண்டட்டும். கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து குறைந்தால் முட்டை வயிற்றிலேயே சிக்கித் தாய் செத்துப்போகலாம். அடைகாப்பு சுமார் 3 வாரம், குஞ்சு பெட்டியை விட்டு வெளிவர இன்னும் 5 வாரம். அந்தச் சமயத்தில் பெட்டியை அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள்.

லினி, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். முறையாக இறக்குமதியானது அல்லது இங்கேயே பொரிந்தது என்பதற்கான ஆதாரத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பறவை வேண்டாம்.